நிரலில் அச்சாகாத பாட்டு

முதலில் சில செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். அவற்றை அறியாமல் இந்தப் பத்து நிமிடங்களுக்குள் நுழைபவர், இங்கே ஒன்றுமே நடக்கவில்லையே என்று எண்ணக்கூடும். செரிசாவா மினேகோ ஜப்பானியப் பாடகி, வயது அறுபத்தொன்பது; ஜப்பானிய மரியாதைப்படி அழைத்தால் 'செரிசாவா சான்.' இருபதுகளில் அவர் 'மூன்று நாற்காலி' என்னும் குழுவில் பியானோ வாசித்துப் பாடினார். அக்குழுவின் 'கடற்கரைக்கு இரண்டு சீட்டு' என்ற பாட்டு ஜப்பானில் ஒலிக்காத கடை இல்லை, இன்றும் ஒலிக்கிறது. குழு கலைந்தபின் அவர் தனியாக நான்கு இசைத்தட்டுகளை வெளியிட்டார். அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. யாரும் என்பது மிகை, ஏறக்குறைய யாரும். அந்நான்கில் மூன்றாவது தட்டின் கடைசிப் பாட்டு 'துணி காயும் நேரம்.' ஏழு நிமிடம் நீளும் அந்தப் பாட்டு அதுவரை எந்த மேடையிலும் பாடப்பட்டதில்லை. அடுத்து, ஜப்பானில் கச்சேரியை முடிப்பதற்கு ஒரு முறை உண்டு. நிரலில் அச்சான பாட்டுகள் தீர்ந்ததும் பாடகர் வணங்கிவிட்டு உள்ளே போய்விடுவார். அவையோர் இருட்டிலேயே அமர்ந்து ஒரே சீராகக் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் திரும்பி வந்து, நிரலில் இல்லாத பாட்டு ஒன்றைப் பாடுவார். அது எந்தப் பாட்டு என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. கைதட்டல் முடியுமுன் அரங்கின் விளக்குகள் எரிந்துவிட்டால், இனி ஒன்றுமில்லை என்பது பொருள். சென்னையில் இந்த முறை இல்லை. பாடகர் வணங்கினால் முடிந்தது. பிறகு சால்வை, நன்றியுரை, சிற்றுண்டி. அன்று செரிசாவா பாடவந்த கோமளா அரங்கில் இரண்டு முறைகளையும் அறிந்தவள் ஒருத்திதான்: மொழிபெயர்ப்பாளர் நப்பின்னை, வயது ஐம்பத்துநான்கு. அவையிரண்டும் மோதிக்கொள்ளும் என்பது அவளுக்குமே அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி ஐம்பத்தேழு நிமிடத்துக்குத்தான் உறைத்தது.

கைதட்டல் ஓய்ந்துவிட்டது, இல்லை, ஓயவில்லை, மூச்சு வாங்கிக்கொள்கிறது, இதோ மறுபடியும் தொடங்கப்போகிறது என்று, மேடையின் இடப்பக்கத் திரையருகே மைக்கைப் பிடித்தபடி நின்ற நப்பின்னை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் இருநூறு பேரும் பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுவதைப் போல ஒருசேர எழுந்துவிட்டார்கள். குறை சொல்வதற்கில்லை, நன்றாகத்தான் தட்டினார்கள், ஜப்பானிய மொழிப் பள்ளியின் முதலாண்டு மாணவர்கள் விசில்கூட அடித்தார்கள், 'கடற்கரைக்கு இரண்டு சீட்டு' பாட்டின் இரண்டாம் அடியிலிருந்து அரங்கமே கூடச் சேர்ந்து பாடியது, செரிசாவா சானின் தோள்கள் சிரிப்பில் குலுங்கியதைப் பின்னாலிருந்தே பார்க்க முடிந்தது. தட்டினார்கள், நிறுத்தினார்கள், பைகளைத் தேடினார்கள். அவர்கள் நிறுத்துவதற்குள்ளேயே அரங்கத்து ஒலி ஒளிக்காரர் டைட்டஸ் விளக்குகளைப் போட்டுவிட்டார். விளக்குகளோடு, மின்பியானோவின் மெல்லிய ஒலிக்காக இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்திருந்த எட்டு விசிறிகளையும் சுழலவிட்டார். அரங்கம் முழுவதும் ஒரு பெரிய 'அப்பாடா' எழுந்தது. அந்த அப்பாடாவைச் செரிசாவா சான் கேட்டிருப்பாரா? கேட்டிருப்பார், காது அவருக்குப் பாம்புக் காது. திரைக்குப் பின்னால், அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றைத் தானே இறக்கிப் போட்டு, உறைக்குள் இருந்த யாரோ ஒருவருடைய தம்புராவின் பக்கத்தில், இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பள்ளியில் பெயர் கூப்பிடக் காத்திருக்கும் பிள்ளையைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வியர்வையைத் துடைக்கவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. இன்னும் பாடவேண்டியவர் குடிக்கமாட்டார் என்பது நப்பின்னைக்குத் தெரியும்.

பகல் உணவின்போது, மொழிப் பள்ளியின் விருந்தினர் அறையில், தயிர்சாதத்தைக் கரண்டியால் ஓரத்திலிருந்து ஒழுங்காக வெட்டி வெட்டி உண்டபடி அவர் தம் திட்டத்தைச் சொன்னார். ஜப்பானில் ஒவ்வொரு முறையும் அந்த ஏழு நிமிடப் பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டுதான் மேடை ஏறுகிறாராம், முப்பத்தேழு ஆண்டுகளாக, ஒவ்வொரு முறையும் அவையோர் கைதட்டித் திரும்ப அழைத்து 'இரண்டு சீட்டு' வேண்டுமென்று கத்துகிறார்களாம், அதைப் பாடிமுடித்ததும் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடிவிடுகிறார்களாம். "ஆகவே இன்று 'இரண்டு சீட்டை' நிரலின் கடைசியிலேயே வைத்துவிட்டேன். அவர்கள் கேட்பதற்கு வேறு எதையும் மிச்சம் வைக்கவில்லை. இன்னொன்று பாடு என்றால், இதைத்தான் பாடமுடியும். பொறி எப்படி?" என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினார். அறிவித்துவிடட்டுமா என்று நப்பின்னை கேட்டதற்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அறிவிக்கக் கூடாது. ஏற்பாடும் செய்யக் கூடாது. பாடச் சொல்ல ஆளில்லாத பாட்டை நானாகப் பாடினால், வீட்டுக்கு வந்த விருந்தாளியை உட்காரவைத்துக் கல்யாண ஆல்பத்தைக் காட்டுவது போல் ஆகிவிடும். யாராவது ஒருவர் கேட்டால் பாடுவேன். கேட்காவிட்டால் அந்தச் சால்வையை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவேன். இனிமேல் அந்தப் பாட்டைப் பையிலும் தூக்கிக்கொண்டு திரிய மாட்டேன், தோள் வலிக்கிறது. சால்வை என்ன நிறம்?" ஊதா என்றாள் நப்பின்னை. "ஊதா எனக்கு எடுக்கும்" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். மூன்றாவது தட்டைப் பற்றி ஒரு மாத இதழ் எழுதிய ஒரே வாக்கியத்தை, 'மற்ற இரண்டு நாற்காலிகளும் காலியாக இருப்பது காதில் விழுகிறது' என்பதை, மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, "அழகான வாக்கியம், பாட்டில் சேர்த்துக்கொள்ளலாமென்று பார்த்தேன், தாளத்துக்கு ஒத்துவரவில்லை" என்றார். ஆனால் இனிமேல் தூக்கித் திரிய மாட்டேன் என்றபோது மட்டும் அவர் கண் சிமிட்டவில்லை. நப்பின்னை அப்போதே அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு ரசத்தை நீட்டினாள்.

ஜப்பானின் கனசாவா நகரில் ஒரு மண்டபத்தில் அந்தக் கைதட்டலை அவள் முதன்முதலாகக் கேட்டபோது ஏதோ இயந்திரம் ஓடுகிறதென்றே நினைத்தாள். ஐந்நூறு பேர், ஒரே அடி, ஒரே இடைவெளி, நான்கு நிமிடம். கனசாவாவில் மற்றதெல்லாம் மழை. இருபத்துமூன்று வயதில் மொழிப் பயிற்சிக்குப் போய்ப் பதினொரு மாதம் அங்கே இருந்ததில் துணி முழுதாக உலர்ந்தது ஒன்பதே நாள், நாட்குறிப்பில் குறித்துவைத்திருந்தாள். ஈரக் காலுறையோடு ஒரு சனிக்கிழமை நுழைந்த பழைய இசைத்தட்டுக் கடையில், வாசலோரப் பெட்டியில், 'மற்றவை' என்று எழுதிய அட்டைக்குப் பின்னால் அந்த மூன்றாவது தட்டு கிடந்தது. மேலட்டையில் மொட்டைமாடிக் கொடியும் அதில் ஒற்றைக் காலுறையும். ஒரு பாடகி எப்படி மற்றவை ஆவார்? பெயர் இருக்கிறது, அகரவரிசை இருக்கிறது, அலமாரியில் இடமும் இருக்கிறது. எடுத்துப்போய் உரிய வரிசையில் செருகிவிட்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை அது மறுபடியும் 'மற்றவை'யில் இருந்தது. மறுபடியும் எடுத்துச் செருகினாள். ஏழு சனிக்கிழமைகள் இப்படியே நடந்தன, எட்டாவதில் தோல்வியை ஒப்புக்கொண்டு வாங்கவே வாங்கினாள், கடைக்காரர், "அட, நீங்கள்தானா அது!" என்று கைகொட்டிச் சிரித்தார். "அலமாரியில் அவரை யார் தேடப்போகிறார்கள்? மற்றவையில் போட்டால் வேறு எதையோ தேடுகிறவன் கையிலாவது அகப்படுவார் அல்லவா?" அவருடைய ஒழுங்கும் ஓர் ஒழுங்குதான் என்று அன்று அவளுக்குத் தோன்றியது. பிறகு முதல் தட்டையும் தேடிப் பிடித்தாள், பல் மருத்துவர் வீட்டு மீன்தொட்டியைப் பற்றிய பாட்டு இருப்பது. இரண்டாவது, பேருந்துகள் திரும்பும் இடத்தில் ஏறுவார் யாருமில்லாமல் கதவைத் திறந்து மூடும் ஓட்டுநரைப் பற்றியது. நான்காவதற்குப் பெயரே இல்லை, எண் மட்டும். எல்லாம் ஆளில்லாத நேரங்கள். ஆனால் ஒன்றிலும் அழுகை இல்லை. காத்திருக்கிறவர்களுக்குக் காத்திருப்பதில் இருக்கும் ஒரு குறும்பு, ஓட்டுநர் கதவை மூடுமுன் காற்றுக்கு வணக்கம் சொல்வது போல. அதைக் கேட்டுக்கேட்டுத்தான் கனசாவாவின் ஈரத்தை அவள் கடந்தாள். சரி, இதையெல்லாம் இப்போது யார் கேட்டார்கள்? மூன்றாம் வரிசை காலியாகிவிட்டது.

"மேடம், கீபோர்டு வயர உருவிடட்டா? டான்ஸ் பார்ட்டி வெய்ட் பண்றாங்க" என்று டைட்டஸ் குனிந்தார். பதினைந்து ஆண்டுகளாக இந்த அரங்கத்து ஒலிக்குப் பொறுப்பானவர். கை வேலை வாயைவிட வேகம். "தொடாதீங்க" என்றாள் நப்பின்னை, தான் எதிர்பார்த்ததைவிட உரக்க. "ஏன் மேடம், இன்னும் பாட்டு கீதா?" இருக்கிறது என்றால் அறிவிப்பு ஆகிவிடும். இல்லை என்றால் பொய். "தொடாதீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்." "சரி, தொடல. நின்னு பாத்துக்கினு இருக்கலாமா?" "இருக்கலாம்." டைட்டஸ் கையைக் கட்டிக்கொண்டு வயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வயரைத் தொடாதே என்பது ஏற்பாடாகுமா? ஆகாது; அது இருப்பதை இருந்தபடி வைத்திருப்பது, அவ்வளவுதான். அதற்குள் அரங்கச் செயலாளர் சடகோபன் ஊதாச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதில் அவர்தான் கௌரவிக்கப்பட்டவர் போல் படியேறி வந்தார். "என்னம்மா, ஆச்சா? ஜப்பான் மாமியைக் கூப்பிடுங்கோ, போட்டுடலாம். நான் நன்றியுரையை வேற சுருக்கணும்." "ஒரு நிமிஷம், சார்." "அந்த ஒரு நிமிஷம் மூணு நிமிஷமாச்சு. வெளியில பதினாறு பொண்கள் கால்ல சலங்கையைக் கட்டிண்டு நிக்கறதுகள், ஒண்ணு அசைஞ்சா பதினாறும் குலுங்கறது." இவரிடம் விஷயத்தைச் சொல்லி, நான்கு பேரைக் கைதட்டச் சொல்லலாமா? அதுதான் ஏற்பாடு, அதுதான் கூடாது. மேலும் சடகோபன் தட்டச் சொன்னால் அது மந்திரி வந்திறங்கியதும் தட்டுவது போல்தான் இருக்கும். நானே மைக்கில் கேட்டுவிட்டால்? என் சொல்லையா? மைக்கிலா? நினைத்தவுடனே நப்பின்னையின் கை மைக்கின் பொத்தானை அணைத்தது. இருபத்தாறு ஆண்டுப் பழக்கம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில், ஜப்பானிய மேலாளர் முகத்தில் அடித்தாற்போல் சொன்ன ஒரு வாக்கியத்தை, பாவம், கேட்பவர் மனம் நோகுமே என்று கொஞ்சம் இழைத்து, மெருகேற்றிச் சொன்னாள். இருதரப்பும் மகிழ்ச்சியாகக் கைகுலுக்கிக் காபி குடித்துப் பிரிந்தன. மூன்று வாரம் கழித்து எண்ணூறு மூடிகள் வந்திறங்கின, எண்ணூறும் இடப்பக்கத்துக்கானவை, வலப்பக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை. அன்று முதல் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. பேசும் இருவருக்கு நடுவே தான் ஒரு கண்ணாடிச் சன்னல். சன்னலுக்குக் கருத்துக் கிடையாது. கூட்டங்களில் எத்தனை பேர் என்று குறிக்கும்போதும் அவள் தன்னைச் சேர்ப்பதில்லை.

வெளிநடையிலிருந்து பாட்டுக் கேட்டது. மாணவர்கள்; படியிறங்கிக்கொண்டே 'கடற்கரைக்கு இரண்டு சீட்டு', மிகச் சரியான உச்சரிப்போடு, அதிலும் 'சீட்டு' என்னும் இடத்தில் இழுத்து. உச்சரிப்பு சரியாக இல்லாமல் எப்படி இருக்கும், நப்பின்னை அல்லவா கற்றுக்கொடுத்தாள்? வெட்கம் காதுமடல்வரை சூடாக ஏறியது. வாரத்தில் மூன்று நாள் மொழிப் பள்ளி வகுப்பு. ஆண்டுக்கு ஆண்டு, பன்னிரண்டாம் பாடத்தில், எண்ணிக்கைச் சொற்கள் வரும் இடத்தில், பலகையில் எழுதிப்போட்டு எல்லாரையும் எழுந்து நின்று பாடவைத்தவள் அவளேதான். எளிய சொற்கள், சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒருநாளில் பதிந்துவிடும். 'துணி காயும் நேர'த்தை ஒரு வகுப்பிலாவது ஒலிக்கவிட்டிருக்கிறாளா? கடினம் என்றாள். நீளம் என்றாள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றாள். முப்பத்தேழு ஆண்டு அந்தப் பாட்டைக் கேட்காமல் ரயிலுக்கு ஓடியவர்களின் வரிசையில் இங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியவள் அவள். கடினம் என்பது உண்மைதானா? எண்ணம் அங்கே முள்ளில் மாட்டிய துணியாய் நின்றது. கடினம் அன்று, பயம். ஒலிக்கவிட்டு, பின் வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டால்? மேடம், பெல் அடிக்கப்போகிறது என்று எவனாவது சொன்னால்? தனக்கே தனக்கென்று பொத்திவைத்ததை எடுத்துக் காட்டி, அது சாதாரணம் என்று தெரிந்துவிட்டால்? சாதாரணமாகத்தான் இருக்குமோ என்னவோ. இருபத்துமூன்று வயதில் ஈரக் காலுறையோடு கேட்டால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். இப்போது இவர்கள் எழுந்து போவதில் தனக்குள் ஒரு மூலையில் நிம்மதி இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாது. எவ்வளவு அற்பம்! அந்த அற்பத்தைக் கையும் களவுமாகப் பிடித்ததில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. டைட்டஸ் வயரிலிருந்து கண்ணை எடுத்து அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்போது மேடைக்குக் கீழே கோதாவரி மாமி வந்து நின்றார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கோமளா அரங்கில் எது நடந்தாலும் முதல் வரிசையில் ஓரத்து நாற்காலி அவருக்கு. பாட்டானால் தொடையில் தாளம், பேச்சானால் தூக்கம். இன்று தாளம் போட்டிருந்தார். "ஏண்டிம்மா, அவ இன்னும் பாடுவாளா? உள்ள போயே உக்காந்துண்டிருக்காளே." இதோ ஒருவர், இதோ கேட்கப்போகிறார், பாடச் சொல்லேன் என்று ஒரு வார்த்தை போதும், அதை அப்படியே பொட்டலமாகக் கட்டி உள்ளே கொடுத்துவிடலாம். தூண்டக் கூடாது. தூண்டாமல் எப்படி வாயைத் திறப்பது? "உங்களுக்கு எப்படி இருந்தது மாமி?" இது தூண்டுதல் ஆகாது, எவரும் எவரையும் கேட்கக்கூடிய கேள்வி. "நன்னாத்தான் இருந்தது. பாஷை புரியலேன்னாலும் ஸ்ருதி சுத்தமா இருக்கோன்னோ. சின்ன சின்னதா முடிச்சுட்டா, அதான் குறை." சொல்லுங்கள் மாமி, அடுத்ததைச் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம் பாடினா..." நப்பின்னை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "...பாடினா கேக்கலாம்தான், ஆனா முதுகு ஒத்துழைக்கலேம்மா. நாலு மணிக்கே பிடிச்சுது. காபி ஆறிப்போறதுக்குள்ள போறேன்." போய்விட்டார். கைக்கெட்டிய தூரத்தில் வந்து நின்ற பேருந்து, கதவைத் திறந்து மூடிக்கொண்டு கிளம்பியது போல் இருந்தது. சடகோபன் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார்; வெளியே பதினாறு பெண்களில் ஒருத்தி அசைந்திருக்க வேண்டும்.

"அந்த அம்மையார் என்ன சொன்னார்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார் செரிசாவா சான். நப்பின்னை உள்ளே போனாள். "நன்றாக இருந்ததாம். சுருதி சுத்தமாம். பாட்டுகள் சின்னதாக இருப்பது குறையாம். இன்னும் பாடினால் கேட்கலாமாம், ஆனால் முதுகு வலிக்கிறதாம், காபி ஆறிவிடுமாம்." அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒன்றுவிடாமல் சொல்கிறீர்கள், நாபினாய் சான்." நப்பின்னை என்ற பெயர் அவர் நாவில் அப்படித்தான் வந்தது. " இப்படிப்பட்டவர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்திருந்தால் அது முதல் ஆண்டிலேயே கலைந்திருக்கும். எனக்கும் முதுகு வலிக்கிறது." பிறகு தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். மூடியைத் திருகவில்லை, திருகுவதற்காகப் பிடித்தார். "விசிறியெல்லாம் ஓடுகிறது. விளக்கும் போட்டாயிற்று. போகட்டும், நல்ல கூட்டம், நன்றாகப் பாடினார்கள்." சற்று நிறுத்தி, தொழில்முறையில் கேட்பவர் போல, "வேறு யாரும் பாடச் சொல்லவில்லையே?" என்றார். இல்லை என்று சொல்ல நப்பின்னை வாயைத் திறந்தாள். இல்லை என்பது ஒரு சிறு சொல். அதைச் சொல்லிவிட்டால் புட்டி திறக்கும், சால்வை விழும், பதினாறு சலங்கைகளும் உள்ளே வரும், ஒரு பாட்டு ஒரு பையிலிருந்து வெளியே எடுத்து வைக்கப்படும். ஆனால் அது சரியா? வேறு யாரும் என்றால் யார் யார்? இந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர்களில் ஒருவர்கூட அந்தப் பாட்டை விரும்பவில்லை என்பது உண்மையா? எண்ணிப் பார்த்தாள். டைட்டஸ், சடகோபன், கடைசி வரிசையில் செருப்புத் தேடும் நான்கு பேர், வாசலில் பேசிக்கொண்டு நிற்பவர்கள். பிறகு, முப்பத்தொரு ஆண்டுகளாக விரும்பும் ஒருத்தி. அவளைச் சேர்க்காமல் இல்லை என்றால் அது குறைத்துச் சொன்னது ஆகும். குறைத்துச் சொல்வதில்லை என்பது விதி. தான் போட்ட விதியே தன்னைப் பின்னாலிருந்து தள்ளுவதை உணர்ந்தபடி, எண்ணூறு இடப்பக்க மூடிகளும் மனத்துக்குள் உருண்டோட, நப்பின்னை சொன்னாள்: "ஒருவர் கேட்கிறார்." "யார்?" "நான்." செரிசாவா சான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இது யாருடைய பேச்சின் மொழிபெயர்ப்பு?" "மொழிபெயர்ப்பு இல்லை. 'துணி காயும் நேரம்' பாடுங்கள். மூன்றாவது தட்டு, கடைசிப் பாட்டு. முழுவதும். எனக்குக் கேட்க வேண்டும்." மூன்றாவது தட்டு என்று குறிப்பிட்டது தேவையற்றது, பாடியவருக்கே தெரியும். "உங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா?" "அரங்கத்துக்குள்தான் நிற்கிறேன்." செரிசாவா சான் புட்டியை நாற்காலிக்கு அடியில் வைத்தார். எழுந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை வளைந்து நிமிர்ந்தார். "முப்பத்தேழு ஆண்டு. பாடச் சொன்னவர் கடைசியில் சம்பளத்துக்கு வந்தவர்" என்று சொல்லிச் சிரித்தபோது அவர் கண்கள் ஈரமாக இருந்தன, அதை நப்பின்னை மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் பார்க்காமல் விட்டாள். "சால்வைக்கு முன்னாலா, பின்னாலா?" "முன்னால்." சன்னல் தன் சட்டத்திலிருந்து இறங்கி நடந்து போய், டைட்டஸிடம் விளக்குகளை அணைக்கச் சொன்னது. "அப்போ பாட்டு கீது!" என்றார் டைட்டஸ். "கீது" என்றாள் நப்பின்னை. சடகோபன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையில் மைக்கைத் திணித்துவிட்டு, படியிறங்கிப் போய், முதல் வரிசையில் கோதாவரி மாமியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

பின்னர் உறுதியானவை இவை. விளக்குகள் அணைந்தது ஐந்து மணி ஏழு நிமிடத்துக்கு. பாட்டு ஏழு நிமிடமும் பதினான்கு விநாடியும் நீண்டது. இசைத்தட்டில் உள்ளதைவிட ஒன்பது விநாடி மிகுதி. கேட்டவர்கள், டைட்டஸ் எண்ணியபடி முப்பத்தெட்டுப் பேர். நாற்பது என்று சடகோபன் தம் அறிக்கையில் எழுதினார். நப்பின்னையின் கணக்கு முப்பத்தொன்பது, அதில் அவளும் உண்டு. பாட்டு சாதாரணமாக இருக்குமோ என்ற ஐயம் இரண்டாவது அடியில் நீங்கிவிட்டது. அதன் பொருளை அவள் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. பொருள் கேட்டவர்களிடம் நாளை வகுப்புக்கு வரச் சொன்னாள். விசிறிகளை நிறுத்த டைட்டஸ் மறந்துவிட்டார். ஒலிப்பதிவில் அவற்றின் இரைச்சல் நன்றாகக் கேட்கிறது. அதை நீக்கித் தரட்டுமா என்றதற்கு, துணி காயக் காற்று வேண்டாமா என்று செரிசாவா மினேகோ கேட்டார். நடனம் பதினெட்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. நன்றியுரை இரண்டே வாக்கியத்தில் முடிந்தது, கோமளா அரங்கின் வரலாற்றில் அதற்கு முன்னுதாரணம் இல்லை. ஊதா நிறம் அவருக்கு எடுக்கத்தான் செய்தது. கோதாவரி மாமி காபித் தம்ளருடன் வாசலிலேயே நின்று கடைசிவரை கேட்டார், காபி ஆறிப்போயிற்று, நேரே மேடைக்கு வந்து, "இத்தனை நாழி என்னத்தையோ பாடிண்டிருந்தாளே, இதை முதல்லயே பாடியிருக்கப்படாதோ? பாதிப் பேர் எழுந்து போயாச்சு" என்றார். நப்பின்னை இதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். செரிசாவா பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். அக்டோபர் மாதம் ஒசாகாவில் அவர் பாடிய கச்சேரியின் நிரல் நப்பின்னைக்கு அஞ்சலில் வந்தது. அதன் முதல் வரியில் 'துணி காயும் நேரம்' அச்சாகியிருந்தது. 'கடற்கரைக்கு இரண்டு சீட்டு' அந்த நிரலில் எங்குமே இல்லை. வேண்டுமென்பவர்கள் கைதட்டி வாங்கிக்கொள்ளட்டும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.